பிடித்துக்கொண்டிருந்த கைக்கு

முதலில் எல்லாரும் காத்திருக்கும் செய்தி: நேற்று மதியம் பாப்பாவுக்கு, நரம்பு வழியாகச் சத்து ஏற்றிவந்த லைனை எடுத்துவிட்டார்கள். ஏழு மாதத்துக்குள் பிறந்தவள், 930 கிராம் ஆகிவிட்டாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 9 மில்லி பால், குழாய் வழியாகத்தான், ஆனால் கக்காமல் வைத்துக்கொள்கிறாள். இனி நரம்பு வழியாக எதுவும் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எடுத்தது இரண்டு நிமிட வேலை. ஈரப் பஞ்சால் பிளாஸ்டரை நனைத்து நனைத்து உரித்தார்கள், மெதுவாக இழுத்தார்கள், வெளியே வந்ததை அளவுநாடாவில் வைத்துப் பார்த்தார்கள். போட்ட அன்று எழுதிவைத்த நீளமும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டுமாம், உள்ளே துண்டு எதுவும் தங்கிவிடக் கூடாது அல்லவா. சரியாக இருந்தது. குப்பையில் போட்டார்கள். பத்தொன்பது நாள் என் பிள்ளையை வளர்த்த நூல் அது. அதைப் போட்ட பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது. இத்தனை நாள் எங்கே இருந்ததோ.

நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும், திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நேராக நன்றிக்கு வருகிறேன். ரத்தம் கொடுத்தவர்கள், நடு ராத்திரியில் பால் பாட்டிலை வாங்கி ஓடியவர்கள், என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனவர்கள், எக்ஸ்ரே மெஷினை உருட்டிக்கொண்டு ஒரே இரவில் இரண்டு முறை வந்து முகம் சுளிக்காத தம்பி, எங்கள் இன்குபேட்டருக்குக் கீழே சத்தம் போடாமல் தரை துடைத்த அக்கா, "என்ன ஆச்சு" என்று கேட்காமல் "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டவர்கள், டாக்டர்கள், எல்லா ஷிஃப்ட் சிஸ்டர்களும். மொத்தமாகச் சொல்கிறேன் என்று குறையாக நினைக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத ஆரம்பித்தால் பாப்பா பள்ளிக்கூடம் போகும்வரை எழுதிக்கொண்டிருப்பேன்.

ஆனால் ஒருவருக்குத் தனியாக எழுதித்தான் ஆக வேண்டும். சிஸ்டர், பெயர் போட வேண்டாம் என்றீர்கள். போடவில்லை. படித்ததும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதல் வாரம் சத்துக் கரைசல் தொப்புள்கொடி வழியாகவே ஓடியது. அதில் இரண்டு தமனி, ஒரு சிரை, அந்தச் சிரை பிறந்த புதிதில் திறந்திருக்கும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். அதையே வைத்துக்கொண்டிருக்கவும் முடியாது, நாளாக ஆகக் கிருமி தொற்றும் பயம் கூடும். ஏழாம் நாள் எடுத்தாக வேண்டும் என்றார்கள். அவள் குடித்ததோ ஒரு வேளைக்கு ஒரு மில்லி. மீதிச் சத்தெல்லாம் ரத்தத்தில்தான் ஏற வேண்டும். அந்தக் கரைசல் செறிவானது, கையில் இருக்கும் சின்ன நரம்பு அதைத் தாங்காது. இதயத்துக்குப் பக்கத்தில், ரத்தம் வேகமாக ஓடுகிற பெரிய நரம்பில் போய் விழுந்தால்தான் நீர்த்துப் போகும். அதனால் முழங்கை மடிப்பில் குத்தி, தோள் வழியாக, இதயத்தின் வாசல் வரை ஒரு லைன். "வாசல் வரைக்கும் போகணும், உள்ளே போயிடக் கூடாது" என்றார் டாக்டர்.

(நரம்பு நரம்பு என்றே எழுதுகிறேன். சிரை என்பதுதான் சரியான சொல் என்று பள்ளியில் படித்ததெல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அங்கே டாக்டர் முதல் எல்லாருக்கும் அது நரம்புதான். "நரம்பு கிடைக்கலை" என்று யாராவது சொன்னால் வயிற்றைப் பிசையும். "சிரை கிடைக்கலை" என்றால் அவ்வளவு பிசையாது என்று நினைக்கிறேன்.)

அந்த லைனை முதலில் பார்த்தபோது யாருடைய கவுனிலிருந்தோ நூல் பிரிந்து விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். 1 பிரெஞ்சு என்பது அதன் அளவு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அதற்குள் ஓட்டை வேறு இருக்கிறது. அவ்வளவு மெல்லியது என்பதால் அதில் ரத்தம் எடுக்கக்கூட முடியாது, அடைத்துக்கொள்ளும். அந்த நூலையும் நுழைக்க இடமில்லாத கை என் மகளுடையது. அன்றைக்கு அவள் 740 கிராம். என் கட்டைவிரல் அவள் முழங்கையை விடத் தடிமன்.

இடது கையில் முதல் முறை போகவில்லை. இரண்டாம் முறை நரம்பு உடைந்து நீலமாகப் பரவியது. ஒருவர் இரண்டு முறைக்கு மேல் முயற்சி செய்யக் கூடாது என்று அங்கே வைத்திருக்கிறார்கள். அந்த டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, மறு பேச்சில்லாமல் விலகி, பெரிய டாக்டருக்குப் போன் செய்தார். விலகியதற்காக அவருக்கும் ஒரு கும்பிடு.

சிஸ்டர், உங்கள் டியூட்டி அப்போது முடிந்திருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்குச் சொல்லிவிட்டுப் போக வந்தீர்கள். என் முகத்தைப் பார்த்தீர்களா, உள்ளே பார்த்தீர்களா தெரியாது. பையைக் கழற்றி என் மடியில் வைத்தீர்கள். "இதை வச்சிருங்கம்மா" என்றீர்கள். அப்புறம் கை கழுவப் போனீர்கள்.

எனக்கு ஒரு தொப்பியும் மாஸ்க்கும் மாட்டி, மூலையில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள், உங்கள் பையோடு. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் பெரிய டாக்டரின் கை. இந்தப் பக்கம் உங்கள் கை. ஒரு உள்ளங்கை அவள் தலைமேல் தொப்பி மாதிரி. இன்னொன்றில் இரண்டு பாதங்களையும் சேர்த்து ஏந்தி, முழங்காலை வயிற்றோடு மடக்கி, வயிற்றுக்குள் கிடந்த மாதிரியே வைத்தீர்கள். காலையிலிருந்து என் நெஞ்சில் வைத்திருந்த துணித் துண்டை அவள் மூக்கருகே வைத்தீர்கள். உதட்டில் என் பால் ஒரு சொட்டு. அசையாமல் அமுக்கிப் பிடிப்பது எனக்குத் தெரியும், பார்த்திருக்கிறேன். இது அது இல்லை.

டாக்டர் குத்தப் போகும்போது குனிந்து அவளிடம் சொன்னீர்கள்: "இப்ப வலிக்கும்டா கண்ணு. நான் இருக்கேன்."

ஒன்றுமில்லை, வலிக்காது என்று நீங்கள் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைத்தான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிற்பாடு டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னார், பச்சைக் குழந்தைக்கு வலி உறைக்காது என்று மருத்துவர்களே ரொம்ப நாள் நம்பினார்களாம், அறுவை சிகிச்சைகூட வலிமருந்து போதாமல் நடந்ததாம். 1987-இல் கே.ஜே.எஸ். ஆனந்த் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் குறைமாதக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்த பிறகுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டதாம். நான் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான். கேட்டு உடம்பு சில்லிட்டது.

நரம்பு கிடைத்தது, வலது கையில். பல்லில்லாத ஒரு சின்ன இடுக்கியால் டாக்டர் அந்த நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு தடவைக்கு நெல்மணி அளவுகூட இல்லை, உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். பாதியில் மானிட்டர் கத்தியது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் எண் 78-க்கு இறங்கியது. நீங்கள் கையை எடுக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "டாக்டர், ஒரு நிமிஷம். பாப்பா மூச்சு வாங்கிக்கட்டும்."

அவ்வளவு பெரிய டாக்டர் இடுக்கியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றார். 80. 83. யாரும் பேசவில்லை. 90 வந்ததும் நீங்கள் தலையசைத்தீர்கள், அவர் தொடர்ந்தார்.

நூலை நுழைத்த ஊசி, அதன் அமைப்பே அப்படி, இரண்டாகப் பிளந்து கழன்று வந்தது, நூல் மட்டும் உள்ளே நின்றது. எக்ஸ்ரேயில் வாசலைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. பின்னால் இழுத்து, கையை அதே மாதிரி வைத்து, மறுபடி ஒரு எக்ஸ்ரே. கையை அசைத்தால் உள்ளே நுனியும் நகருமாம், அதனால் அதுவரை நீங்களும் நகரவில்லை. எக்ஸ்ரே எடுக்கும் நேரத்துக்கு எல்லாரும் வெளியே ஓடுவார்கள். நீங்கள் ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றீர்கள். மொத்தம் ஒரு மணி பத்து நிமிடம், குனிந்தபடி.

முடிந்ததும் எல்லாரும் பெரிய டாக்டருக்கு நன்றி சொன்னோம். சொல்ல வேண்டியதுதான், அவர் கை தங்கக் கை. நீங்கள் சுவரில் இடுப்பை அழுத்தி, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றீர்கள். என் மடியிலிருந்து பையை எடுத்துக்கொண்டீர்கள். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தேன். "அடுத்த தடவை நீங்களே பிடிக்கலாம், சொல்லித் தர்றேன்" என்றுவிட்டுப் போய்விட்டீர்கள்.

நான் அதைப் பேச்சுக்குச் சொன்னது என்று நினைத்தேன். பன்னிரண்டாம் நாள் குதிகாலில் ரத்தம் எடுக்கும்போது நிஜமாகவே கூப்பிட்டீர்கள். என் கை ஜில்லென்று இருந்தது. "தேய்ச்சுச் சூடு பண்ணிட்டு வைங்க. வச்சா எடுக்காதீங்க. தடவாதீங்க, இவ்வளவு சின்னப் பிள்ளைக்குத் தடவினா எரிச்சலாத்தான் இருக்கும். சும்மா வைங்க." சும்மா வைத்தேன். ஏழு மாதத்துக்குள் பெற்றெடுத்துவிட்டேனே என்று அரித்துக்கொண்டிருந்தவளுக்கு, பிள்ளைக்கு என்று என் கையால் செய்ய ஒரு வேலை அன்றைக்குத்தான் கிடைத்தது. அவள் தலை என் உள்ளங்கைக்குள் முழுசாக அடங்கியது. ஊசி குத்தும்போது நானும் சொன்னேன், வலிக்கும்டா, நான் இருக்கேன் என்று. குரல் உடைந்துவிட்டது. அவள் முகத்தைச் சுளித்தாள், விரலை விரித்தாள், பிறகு மடக்கிக்கொண்டாள்.

இன்னும் கண் பரிசோதனை இருக்கிறது. தடுப்பூசிகள் இருக்கின்றன. அப்புறம் வளர்ந்து, ஊசியைப் பார்த்து ஓடுகிற வயது வரும், வரட்டும். அப்போதும் அவளிடம் "வலிக்காது" என்று பொய் சொல்ல மாட்டேன் சிஸ்டர். இதை எல்லார் முன்னாலும் எழுதிவைக்கிறேன், நாளைக்கு நான் மறந்தால் யாராவது ஞாபகப்படுத்துங்கள்.

லைனை எடுத்தபோது நீங்கள் விடுப்பில் இருந்தீர்கள். அதனால் சொல்கிறேன்: இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும்தான், வீக்கம் எதுவும் இல்லை. எடுக்கும்போது தலையை நான்தான் பிடித்துக்கொண்டேன், கையைச் சூடு பண்ணிவிட்டு.

உங்கள் இடுப்பு வலி இப்போது எப்படி இருக்கிறது? அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

— இன்குபேட்டர் மூன்றின் அம்மா