புதியவர்கள் வருகிறார்கள்: ஞாயிறு ஏற்பாடு

நம் லுத்தரன் சபையாருக்கு ஸ்தோத்திரம்.

வருகிற ஞாயிறு, அக்டோபர் 26, காலை 8:30க்கு, மார்ட்டின் லுத்தர் தொடங்கிய திருச்சபைச் சீர்திருத்தத்தை நினைவுகூரும் சீர்திருத்த ஞாயிறு ஆராதனை. வேலைக்காக நெல்லைக்கு வந்திருக்கும் சில குடும்பங்களும் வருகின்றன, பெரும்பாலும் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) காரர்கள். போன மாதம் வந்த ஒருவர் ஞானப்பாட்டுப் புத்தகம் கிடைக்காமல் கடைசிவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அடுத்த வரிசையில் இருந்த நானே கவனிக்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. 8 மணிக்கே வாசலில் நிற்க நான்கு பேர் வேண்டும்.
2. பின்வரிசையைப் புதியவர்களுக்கு விடுங்கள். அண்ணாச்சிமாரே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!
3. பக்கத்தில் உட்கார்ந்து பாட்டை எடுத்துக் கொடுங்கள். 'எந்த ஊரு, யாரு வீடு' விசாரணை வேண்டாம், அது எங்கே போய் முடியும் என்று நமக்கே தெரியும்.
4. 'லுத்தரன்னா என்ன?' என்று கேட்டால், பாளையங்கோட்டையில் குளோரிந்தாள் கட்டிய ஆலயத்தை 1785இல் பிரதிஷ்டை செய்த ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் லுத்தரன்தான் என்று ஆரம்பியுங்கள்.
5. சுக்கு காப்பிக்கு அப்புறம், 10:30க்கு 'சிறிய ஞானோபதேசம்' வகுப்பு. 1529இல் லுத்தர் அந்தக் கேள்வி-பதில் நூலை வீட்டில் பெற்றோர் சொல்லிக்கொடுக்கவும்தான் எழுதினார், ஆகவே பிள்ளைகளை விட்டுவிட்டு நழுவ வேண்டாம்.

வெள்ளி இரவுக்குள் பெயரும் எந்த வேலை என்பதும் இங்கேயே எழுதுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் வராது.