பட்டியலை மாற்றுகிறேன், அண்ணா

அன்பின் அண்ணாவுக்கு,

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 2008 மார்ச் 19 அன்று இதே கொழும்பில் காலமானதை ஆண்டுதோறும் எங்களுக்கு நினைவூட்டுபவர் நீங்கள்தான். இம்முறையும் மெல்பேர்னிலிருந்து உங்கள் செய்தி வந்தது. அதனோடு வாசிப்பு வட்டம் அடுத்து வாசிக்க வேண்டிய நூல்களின் பட்டியலும் வந்தது. அந்தப் பட்டியலின்படி வாசிப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். இதை ஏன் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். வட்டத்துப் பிள்ளைகளுக்கும் இதில் பங்குண்டு. உங்களுக்கு ஒருவிதமாகவும் அவர்களுக்கு இன்னொரு விதமாகவும் சொல்ல எனக்கு மனமில்லை. உங்களைக் கேளாமல் முடிவெடுத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்டிருந்தால் வழக்கம்போல என்னை இணங்க வைத்திருப்பீர்கள் என்பதால்தான் கேட்கவில்லை.

உங்களிடம் கற்றதை நான் மறுக்கவில்லை. நாவலில் ஓர் எண் வந்தால் கணக்குப் பார்க்காமல் பக்கத்தைப் புரட்டக்கூடாது என்ற பழக்கம் உங்களால் வந்தது. பூமியிலிருந்து விண்வெளிவரை எழும் கோபுரமான விண்தூக்கியைக் கட்டும் கதையாகிய ‘தி ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’ நாவலுக்காக எங்கள் தீவை 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தியதாகக் கிளார்க் சொல்லும் இடத்தில் நீங்கள் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கொப்பியை எடுத்தீர்கள். அந்தக் கோபுரம் எழும் மலைக்கு மாதிரியான சிவனொளிபாத மலை மத்தியகோட்டுக்கு ஏறத்தாழ ஏழு பாகை வடக்கே இருக்கிறது, ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர், ஆகவே மனிதர் சரியாகத்தான் நகர்த்தியிருக்கிறார் என்று எழுதிக் காட்டினீர்கள். பூமியின் ஒரே இடத்துக்கு மேல் நிற்பதுபோலச் சுற்றும், ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திலுள்ள சுற்றுப்பாதையிலிருந்து விண்தூக்கியின் இழையை நேராக இறக்க வேண்டுமென்றால் அதன் அடி மத்தியகோட்டில் இருக்க வேண்டும் என்பது எனக்கு அந்தத் தாளில்தான் விளங்கியது. கற்பனைக்குள் அவ்வளவு நேர்மை இருக்கலாம் என்பதை நீங்கள்தான் காட்டினீர்கள். அந்தத் தாள் இன்னும் அந்த நூலுக்குள்தான் இருக்கிறது.

ஆயினும் அதே நூலை வாசித்த இன்னொரு மாலையை என்னால் விட முடியவில்லை. 2022 ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலம். வெள்ளவத்தையில், கடற்பக்க ஒழுங்கையின் அந்த மேல்மாடியில், கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில் வண்ணத்துப்பூச்சிகள் வரும் பகுதியை நீங்கள் உரக்க வாசித்தீர்கள். மலையுச்சியிலுள்ள மடத்தை அகற்றாமல் கோபுரம் எழ முடியாது. துறவிகளோ அசைய மறுக்கிறார்கள். பழைய மன்னனின் வீரர்களாகிய பொன்னிற வண்ணத்துப்பூச்சிகள் உச்சியை அடையும் நாளில் மடத்தின் காலம் முடியும் என்பது ஐதிகம். கோபுரத்தின் சோதனையைக் குலைக்க எழுப்பப்பட்ட புயலே அவற்றை உச்சியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. எழுப்பியவரும் அந்த மடத்திலிருந்து வெளியேறிய ஒருவர். நீங்கள் வாசித்த விதத்தில் எல்லோருக்கும் மெய்சிலிர்த்தது. அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை, “பிறகு அந்தத் துறவிகள் எங்கே போனார்கள்?” என்று கேட்டாள். “அது கதைக்குத் தேவையில்லை” என்றீர்கள். அடுத்த அத்தியாயத்தைத் தொடங்கினீர்கள். அவள் நூலை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். கீழே ரயில் போய் முடியும்வரை நீங்கள் வாசிப்பை நிறுத்திக் காத்திருந்தீர்கள். அந்த இடைவெளியில்கூட அவள் பக்கம் திரும்பவில்லை.

அவளுடைய குடும்பம் எங்கிருந்து, எந்த நிலையில் கொழும்புக்கு வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே அதை எழுதப் போவதில்லை. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய அந்தப் பெருங்கூட்டத்தில் நீங்களும் நடந்தீர்கள் என்பதோடு உங்களைப் பற்றியும் நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. கோபுரம் எழுந்ததற்கு அந்நூல் தரும் பக்கங்களில் எத்தனையில் ஒரு பங்கை மடம் கலைந்ததற்குத் தந்திருக்கிறது என்று, எல்லாவற்றையும் கணக்குப் பார்க்கும் நீங்கள் ஏன் பார்க்கவில்லை? கோபுரத்தைக் கட்டும் பொறியியலாளரான மோர்கனின் இதயத்துடிப்பைக்கூடக் கவலையோடு பின்தொடரும் உங்களுக்கு, இடம் விட்டுப் போனவர்களைப் பற்றிய கேள்வி எப்படித் தேவையற்றதாயிற்று? உங்களை நோகடிக்க இதை எழுதவில்லை. உங்களுக்கு அந்தக் கேள்வி தாங்க முடியாததாக இருந்திருக்கலாம் என்றும் நினைத்திருக்கிறேன். அப்படியானால் அதையாவது அவளிடம் சொல்லியிருக்கலாம், அண்ணா.

மாயப் புனைவுகளைச் சிறுபிள்ளைக் கதைகள் என்று நீங்கள் ஒதுக்குவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டென்றே நினைக்கிறேன். மந்திரத்துக்கு விதியில்லை, ஆகவே அதில் எதுவும் நடக்கலாம் என்பது உங்கள் வாதம். உர்சுலா லெ குவின் 1968 இல் எழுதிய ‘எ விஸார்ட் ஒஃப் எர்த்ஸீ’ நாவலை முடிக்கும்வரை பொறுத்திருந்தால் அந்த வாதம் நின்றிருக்காது. அங்கே மந்திரவாதிகள் முதலில் கற்பது சமநிலையை. ஒரு தீவில் மழையை வரவழைத்தால் இன்னொரு தீவு வறண்டு போகலாம் என்று ஆசான்கள் மாணவரை எச்சரிக்கிறார்கள். கிளார்க்கின் புயலை ஏவியவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆளிருக்கவில்லை. கெட் என்ற அந்த இளைஞன் செருக்கினால் அவிழ்த்துவிட்ட நிழலுக்கு அந்த நூல் முழுவதும் விலை கொடுக்கிறான். அவன் செம்பழுப்பு நிறத்தவன் என்பதையும், அவனுடைய நெருங்கிய நண்பன் கறுப்பன் என்பதையும் கண்டபோது வட்டத்துச் சிறுவர்கள் முகத்தில் வந்த மலர்ச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

லெ குவினின் ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஒஃப் டார்க்னஸ்’ நூலை உங்களிடம் தந்தபோது, இதில் இயந்திரமே இல்லையே என்று திருப்பித் தந்தீர்கள். இருக்கிறது. பனிவெளியைக் கடக்கும் இருவரும் சறுக்குவண்டியில் இழுத்துச் செல்லும் சேப் அடுப்பு, சூடாக்கவும் சமைக்கவும் வெளிச்சம் தரவும் அவர்களிடம் இருக்கும் ஒரே பொருள். எண்ணூறு மைலுக்கு மேற்பட்ட அந்தப் பயணத்தில், இரவில் கூடாரத்துக்குள் இருவரையும் உயிரோடு வைத்திருப்பது அதுதான். சமையல் எரிவாயுவுக்காக இந்த நகரமே தெருவில் வரிசையாக நின்ற ஆண்டில் அதைக் கவனியாமல் எப்படிப் போனீர்கள் என்று எனக்கு உண்மையில் விளங்கவில்லை. அந்த இருவரில் ஒருவனான எஸ்ட்ராவனை நாடு கடத்தும் ஆணை இன்னும் கூர்மையானது: மூன்று நாட்களுக்குள் வெளியேற வேண்டும், அதற்குப் பின் நாட்டுக்குள் கண்டவர் எவரும் கொல்லலாம். துறவிகள் எங்கே போனார்கள் என்ற கேள்வியை லெ குவின் தேவையற்றதாகக் கருதவில்லை. போகிறவனின் கையில் நாட்குறிப்பைக் கொடுத்து அவனையே பேச வைக்கிறார். அவன் கால்நடையாகக் கரைக்குப் போகும் பக்கங்களை வாசித்தபோது நான் உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆகவே எர்த்ஸீயோடு தொடரும் எங்கள் பட்டியலில் அடுத்தது ‘லெஃப்ட் ஹேண்ட்’. அதற்குப் பின், கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகரவின் ‘தி செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்’. 2023 இல் வெளிவந்து, அறிவியல் புனைவுக்கும் மாயப் புனைவுக்கும் தரப்படும் நெபியூலா விருது பெற்ற நாவல். உங்கள் கிளார்க் நாவல் பெற்ற அதே விருது. எங்கள் நகரத்தில் வாழும் ஒருவர் எழுதியதை விட்டுவிட்டு எப்படிப் பட்டியல் போட்டீர்கள்? அதில் வரும் லூரியற் நகரத்தில் யாரும் திறக்க முடியாத ஒளிரும் கதவுகள் இருக்கின்றன. அந்நகரம் மனிதரை இனமாகவும் சாதியாகவும் வகுத்து எழுதி வைக்கும் முறையைப் பற்றியும் முகாம்களைப் பற்றியும் இங்கே நான் விரிவாகப் பேசப் போவதில்லை, அறைக்குள் பேசிக்கொள்வோம். கிளார்க்கையும் நாங்கள் கைவிடவில்லை. ‘ஃபவுண்டன்ஸ்’ நாவலை ஆண்டின் இறுதியில் மீண்டும் வாசிக்கிறோம், இந்த மூன்றுக்கும் பிறகு.

சித்திரைப் புத்தாண்டு கழிந்து வரும் முதலாவது சனிக்கிழமை ‘லெஃப்ட் ஹேண்ட்’ நாவலைத் தொடங்குகிறோம். அந்தப் பிள்ளைதான் முதல் அத்தியாயத்தை அறிமுகம் செய்கிறாள், கேட்டவுடனே சம்மதித்தாள். மாலை நான்கு மணி என்றால் உங்களுக்கு இரவு எட்டரை, வசதியான நேரந்தான். கோபம் இருந்தால் முதல் வாரங்களுக்கு வர வேண்டாம். பனிவெளி அத்தியாயங்கள் வரும்போதாவது இணைந்துகொள்ளுங்கள். வண்டியின் எடை, மீதமுள்ள உணவு, ஒவ்வொரு நாளும் கடந்த தூரம் எல்லாம் எஸ்ட்ராவனின் குறிப்பில் வருகின்றன. அந்தக் கணக்கைச் சரிபார்க்க எங்களிடம் ஆளில்லை.

அன்புடன்,
உங்கள் தங்கை