அப்பாவின் நோட்டைத் திருப்பி அனுப்பியவர்களுக்கு

மதிப்புக்குரிய ஆவணச் சேகரிப்புப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் குடியிருக்கிறேன். சென்ற வாரம் உங்களிடமிருந்து ஒரு பழுப்பு உறை வந்தது. ஏழு மாதத்துக்கு முன் உங்கள் கவுண்டரில் நான் ஒப்படைத்த என் அப்பாவின் நோட்டு அதற்குள் இருந்தது. கூடவே ஒரு சிறு கடிதம். உள்ளடக்கத்தை உறுதி செய்ய முடியாததால் சேகரிப்பில் சேர்க்க இயலவில்லையாம். நோட்டின் மேல் உங்கள் ஸ்டிக்கர் இருந்தது. அதில் மலாயில் 'பல்வகை, இந்திய மொழி' என்று அச்சிட்டிருந்தது. அந்த ஸ்டிக்கரைப் பின்னட்டையில், தலைகீழாக ஒட்டியிருந்தீர்கள். ஏழு மாதமாக அந்த நோட்டை உங்களில் ஒருவரும் நேராகப் பிடித்துப் பார்க்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பிரிவில் தமிழ் படிக்கத் தெரிந்த ஓர் ஆளை வேலைக்கு வையுங்கள்.

கவுண்டரில் இருந்த பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். மரியாதையாகப் பேசினார், உட்காரச் சொன்னார். நோட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். முன்னாள் அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்துக்கு எங்கள் ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளர்கள் கட்டிய பணத்தின் கணக்கு என்றேன். அவருக்குப் பெயர் தெரிந்திருந்தது. "ஓ, மோனோரயில் ஸ்டேஷன்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. நான் டியூஷன் சொல்லிக்கொடுக்கும் நம் பிள்ளைகளே அதைத்தான் சொல்கிறார்கள்.

சம்பந்தனின் பதவி விவரம் உங்களிடம் இருக்கிறது. சுங்கை சிப்புட்டில் 1919-ல் பிறந்தவர், 1955 தேர்தலில் வென்றவர், அதே ஆண்டு ம.இ.கா. என்ற மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியின் தலைவரானவர், 1973 வரை அந்தப் பதவியில் இருந்தவர். அமைச்சரவையில் 1955-லிருந்து 1974 வரை. முதலில் தொழிலாளர் துறை, பிறகு சுகாதாரம், அப்புறம் 1959-லிருந்து 1971 வரை பொதுப்பணியும் அஞ்சலும் தொலைத்தொடர்பும், கடைசியாகத் தேசிய ஒற்றுமை. முதல் பிரதமர் துங்குவுடன் நிற்கும் படங்கள், பதவியேற்புப் படங்கள், பாலம் திறக்கும் படங்கள் எல்லாம் உங்களிடம் அழகாகப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. படங்களுக்குக் கீழே ஆங்கிலத்திலும் மலாயிலும் குறிப்புகள் இருக்கின்றன. நானே வந்து பார்த்தேன். நல்ல வேலை, அதற்கு நன்றி.

ஆனால் அந்த மனிதர் தன் மக்களோடு செய்த வேலை ஆங்கிலத்திலும் மலாயிலும் நடக்கவில்லை. அது தமிழில் நடந்தது. கோயில் வாசலிலும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்திலும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு நடுவிலும் நடந்தது.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கியது உங்களுக்குத் தெரிந்ததுதான். வாங்கியவர்கள் அதைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தச் சொல்லைச் சொல்லும்போதே குரல் இறங்கிவிடும். தோட்டம் துண்டானால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடு போகும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போகும். கோயில் வேறொருவர் நிலத்தில் நிற்கும். தொழிலாளர்களே பணம் போட்டுத் தோட்டத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று 1960-ல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அப்படித்தான் தொழிலாளர் கைக்கு வந்தது, பிறகு ஒவ்வொன்றாக மற்றவை. அமைச்சராக இருந்துகொண்டே தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். எங்கள் தோட்டத்துக்கு அவர் வந்த அன்று அம்மா கூட்டத்தின் பின்னால் என் அக்காவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். பேசியதில் பாதி காதில் விழவில்லை, ஆனால் மறுநாளே பணம் கட்டச் சொல்லி அப்பாவிடம் சண்டை போட்டதாக அம்மா சொல்வார்.

சங்கத்தில் ஒரு பங்கு 100 வெள்ளி (இன்றைய ரிங்கிட்). எங்கள் தோட்டத்தில் மாதம் 10 வெள்ளி வீதம் கட்டினார்கள். இன்று அது உங்கள் கட்டடத்துக் கீழே இரண்டு பேர் பசியாறும் காசு. அன்றைக்கு விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மூன்று நாள் பால் வெட்டினால்தான் 10 வெள்ளி.

அப்பா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். அதனால் பணம் வாங்கி எழுதும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. நீங்கள் திருப்பி அனுப்பிய நோட்டு அதுதான். அறுபத்து மூன்று பெயர்கள் இருக்கின்றன. பெயருக்கு எதிரே மாதம், தொகை, அதற்கும் எதிரே காரணம். பணம் கட்டாத மாதத்துக்கெல்லாம் அப்பா காரணம் எழுதியிருக்கிறார். 'பிள்ளை பிறந்தது.' 'மழை, வேலை பதினொரு நாள்தான்.' 'தோடு அடகு, அடுத்த மாதம் சேர்த்துக் கட்டும்.' 'ஒட்டுப்பால் காசு வந்ததும் தருவதாகச் சொன்னார்.' ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே ஐந்து மாதம் வெறுமையாக இருக்கிறது. பிறகு ஒரே நாளில் 60 வெள்ளி வரவு, பக்கத்தில் 'ஆடு விற்றது' என்று இருக்கிறது.

சம்பந்தனின் அரசியல் வாழ்க்கையைப் பற்றிப் பேச வருகிறவர் இந்தப் பக்கங்களைப் பார்க்காமல் எதைப் பேசுவார்? அவரை நம்பியவர்கள் எதை விற்று நம்பினார்கள் என்று இதில் இருக்கிறது. உங்கள் ஸ்டிக்கரில் இது பல்வகை.

நோட்டில் கடைசிப் பக்கங்களில் இன்னொரு செய்தியும் உண்டு, அது அவருக்குப் பெருமை சேர்ப்பதல்ல. 1969 கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றார்கள். சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் திணறிப்போனார்கள். நாடு முழுக்க சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பியதாகச் சொல்லப்படுகிறது. எங்கள் சித்தப்பாவும் பினாங்கில் ரஜுலா கப்பல் ஏறிப் போனார். அவர் பெயருக்கு நேரே அப்பா 'ஊருக்குப் போய்விட்டார், 70 வெள்ளி திருப்பித் தர வேண்டும்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். அந்தப் பக்கத்தில் இப்படி ஒன்பது பெயர். அப்போது அமைச்சரவையில் நம்மவர் சம்பந்தன். அவர் இன்னும் உரக்கப் பேசியிருக்கலாமா, பேசியும் நடக்கவில்லையா என்று எங்கள் வீட்டில் கடைசி வரை வாக்குவாதம் நடந்தது. அப்பா அவரை விட்டுக்கொடுக்க மாட்டார், அம்மா விடவும் மாட்டார். எனக்கு அம்மா பக்கம்தான் நியாயமாகப் படுகிறது. ஆனால் அதைச் சரிபார்க்க அவர் அந்த ஆண்டுகளில் தமிழ்க் கூட்டங்களில் என்ன பேசினார் என்று படிக்க வேண்டும். துண்டறிக்கைகள் வேண்டும், கிளைக் கூட்டக் குறிப்புகள் வேண்டும், பத்திரிகைகள் வேண்டும். தமிழ் நேசன் 1924-ல் தொடங்கி 2019-ல் நின்றுபோனது. தொண்ணூறு வருடத்துக்கு மேலான பத்திரிகை. அதில் ஒரு தேதியைத் தேட வேண்டுமென்றால் இன்று ஒரு தமிழ் மாணவர் எங்கே போவது?

உங்கள் கடிதத்தில் ஒரு வழி சொல்லியிருந்தீர்கள். முழு நோட்டையும் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, மலாயிலோ ஆங்கிலத்திலோ மாற்றி, முத்திரையுடன் கொண்டுவந்தால் மறுபடி பரிசீலிக்கலாம் என்று. விசாரித்தேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். நோட்டு நூற்றுப் பன்னிரண்டு பக்கம். என் ஓய்வூதியத்தில் அது முடியாது. முடிந்தாலும் செய்ய எனக்கு மனம் இல்லை. நாட்டுக்கு ஒரு பொருளை இலவசமாகக் கொடுக்க வருகிறவர் அதைத் தன் செலவில் வேறு மொழிக்கு மாற்றிக்கொண்டு வர வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? தோட்டத்து ஆட்கள் யாரிடம் இப்படிக் காசு இருக்கிறது? அப்படியானால் யாருடைய பெட்டியிலிருந்தும் எதுவும் உங்களிடம் வந்து சேராது. பெரியவர் கண்ணை மூடியதும் பிள்ளைகள் வீட்டை ஒழுங்குபடுத்துவார்கள், பழைய பேப்பர்காரன் லோரியில் போட்டுக்கொண்டு போவான். என் கண்ணெதிரே இரண்டு வீட்டில் அப்படி நடந்திருக்கிறது. ஒரு வீட்டில் ம.இ.கா. கிளையின் குறிப்பேடுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. நான் போய்ச் சேருவதற்குள் போய்விட்டது.

இதே ஊரில்தான் அவர் பெயரில் ஒரு பெரிய சாலை இருக்கிறது. தினமும் காலையில் அதில்தான் காய்கறி வாங்கப் போகிறேன். அவர் பெயரில் ரயில் நிலையம் இருக்கிறது, கூட்டுறவுச் சங்கத்தின் உயர்ந்த கட்டடம் இருக்கிறது. 2010-ல் பிரிக்பீல்ட்சை லிட்டில் இந்தியா என்று அழகுபடுத்தி, இரண்டு நாட்டுப் பிரதமர்கள் வந்து திறந்து வைத்தார்கள். வளைவு கட்டினார்கள், நீரூற்று வைத்தார்கள். அந்தச் சாலைக்குப் பெயர் கொடுத்தவரின் காகிதங்களைப் படிக்க ஒரு நாற்காலியும் ஓர் ஆளும் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். நாங்களும் கேட்கவில்லை. அது எங்கள் தலைவர்களின் தவறு, எங்கள் சங்கங்களின் தவறு, பொன்னாடை போர்த்தும் கூட்டத்துக்கெல்லாம் போய் உட்கார்ந்துவிட்டு வந்த என்னுடைய தவறும்கூட. ஆண்டுக்கு ஒருமுறை அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். சுங்கை சிப்புட்டில் 1954-ல் அவர் கட்டிய மகாத்மா காந்தி கலாசாலையைப் பற்றி ஒருவர் பேசுவார், தோட்டம் வாங்கியதைப் பற்றி இன்னொருவர் பேசுவார், சென்ற ஆண்டு பேசியதையே பேசுவார்கள். புதிதாகச் சொல்ல அவர்களிடம் எதுவும் இல்லை, ஏனென்றால் படிப்பதற்கு ஒன்றும் இல்லை.

மன்னிக்கவும். உங்களுக்கு எழுத வந்து எல்லாரையும் இழுத்துவிட்டேன். நீங்கள் கேட்க வேண்டியது இதில் ஒன்றுதான்.

தமிழ் படிக்கத் தெரிந்த ஓர் ஆளை வையுங்கள். முழுநேர வேலையாக இல்லாவிட்டாலும் சரி, வாரம் இரண்டு நாள் வந்தாலும் சரி. பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரைத் தயவுசெய்து கூப்பிடுங்கள். ஒரு நோட்டைக் கையில் வாங்கினால் அது என்ன, யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று நான்கு வரி மலாயில் எழுதி உள்ளே வைக்கட்டும். மொழிபெயர்ப்பு பிறகு வரலாம், இப்போது வராவிட்டாலும் போகட்டும். நான் கேட்பது அந்த நான்கு வரியைத்தான்.

சம்பந்தன் 1979-ல் இறந்தபோது அவருக்கு அறுபது வயதுகூட நிரம்பவில்லை. அவரோடு நடந்தவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். அவர் பேச்சைக் கேட்டுப் பணம் கட்டியவர்களுக்கு இப்போது எண்பதுக்கு மேல். அம்மாவுக்கு எண்பத்தேழு. நோட்டு திரும்பி வந்த அன்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டிக்கரை நகத்தால் மெதுவாகச் சுரண்டினார். பாதிதான் வந்தது. அப்புறம் பக்கத்தைப் புரட்டச் சொன்னார். நான் பெயர்களைப் படிக்கப் படிக்க, அந்த ஆள் எந்த லயம், யாருடைய மகள், இப்போது எங்கே என்று சொல்லிக்கொண்டே வந்தார். நாற்பத்தொரு பெயர் வரை சொன்னார், பிறகு களைத்துவிட்டார். நான் அதையெல்லாம் பென்சிலால் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன். இன்னும் இருபத்திரண்டு பெயர் இருக்கிறது.

நோட்டு இப்போது என் வீட்டு அலமாரியில், வெள்ளைத் துணியில் சுற்றி இருக்கிறது. நீங்கள் ஆள் வைத்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நானே மறுபடி கொண்டுவருகிறேன். புதிதாக வருகிறவர் அப்பாவின் கையெழுத்துக்குப் பழகும் வரை பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டவும் தயார். எனக்குச் செவ்வாயும் வியாழனும் டியூஷன் கிடையாது. அம்மாவுக்கு உடம்பு முடிந்தால் அவரையும் அழைத்து வருகிறேன்.

பணிவுடன்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்