சிப்பிப்பாறையை அவிழ்த்துவிடும் முன்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு மதுரையிலேயே வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சரி, ட்ரீட் கதையை நேரில் பேசிக்கொள்வோம், இப்போது உன் நாய் கருப்பன் விஷயத்துக்கு வருகிறேன்.

கயிற்றில் இருக்கும்வரை தங்கம், அவிழ்த்துவிட்டால் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை என்கிறாய். அவன் சிப்பிப்பாறைடா, கண்ணால் பார்த்து முயலைத் துரத்தவென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த ஜாதி. ஓட ஆரம்பித்தபின் நீ தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் ஏறாது. அதற்கு முந்தின நொடியில் காது விடைத்து, கழுத்து நீண்டு, உடம்பு விறைத்து நிற்பான் பார், அப்போதே கூப்பிட்டுவிட வேண்டும்.

ஆனால் நீ அவனை எதற்கெல்லாம் கூப்பிடுகிறாய்? குளிப்பாட்ட, மாத்திரை கொடுக்க, கட்டிப்போட. அப்புறம் ஏன் வருவான்? போன வாரம் தாமதமாக வந்தவனுக்கு அடி வேறு கொடுத்திருக்கிறாய், வந்ததற்குத்தான் அடி என்று அவன் நினைத்திருப்பான். இனி கூப்பிடு, வந்ததும் அவித்த கோழி ஈரல் ஒரு துண்டு கொடு, தின்னும்போதே கழுத்துப்பட்டையைப் பிடித்துவிட்டு மறுபடி ஓட விட்டுவிடு. பெரும்பாலும் அப்படித்தான் இருக்க வேண்டும், கட்டிப்போடுவது எப்போதாவது. பட்டையைப் பிடித்துப் பழக்காவிட்டால் கை எட்டும் தூரம்வரை வந்து நழுவிவிடுவான். பேசாமல் ஒரு விசில் வாங்கிக்கொள், உன் எரிச்சல் அதில் தெரியாது.

கட்டிலுக்குப் பின்னுகிற நாடா 10 மீட்டர் வாங்கி, நெஞ்சோடு மாட்டுகிற ஹார்னஸில் கட்டித் தரையில் இழுபட விடு. பட்டையில் கட்டாதே, அவன் வேகத்துக்குச் சட்டென்று இழுபட்டால் கழுத்து போய்விடும். நைலான் கயிறு உன் கையைப் பதம் பார்க்கும். முற்றத்தில் தொடங்கி, ஆளில்லாத மைதானம், அப்புறம் ஆடு மேய்கிற இடம். ஆட்டைப் பார்த்தும் திரும்பி வருகிறானென்றால் நாடாவைக் கழற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். ஒருமுறைதான் கூப்பிட வேண்டும். வரவில்லையா, நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக நீ ஓடு, துரத்தாமல் அவனால் இருக்க முடியாது!

எட்டு மாதம்தானே, வாலிபத் திமிர். ஒன்றரை, இரண்டு வயதுவரை பொறு. உன் மச்சான் கரண்ட் அடிக்கிற ஷாக் காலர் பட்டை வாங்கச் சொன்னாராமே, முதலில் அவர் கழுத்தில் மாட்டிப் பார்.

பைபாஸ் பக்கம் மட்டும் என்ன பழகினாலும் அவிழ்க்காதே, எங்கள் நாய் ராணியையே நான் அங்கே விடுவதில்லை. உங்கள் தோட்டத்துக்கு மயில் வேறு வருகிறது, கருப்பன் ஒன்றைக் கவ்விவிட்டால் வனத்துறைக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். நாடா நான் வாங்கி வருகிறேன், ஈரல் உன் செலவு.

உன்,
செல்வம்