நம் ஃபேப்ரிகேஷன் பட்டறை உரிமையாளர்கள் சங்கம், துவாக்குடி: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு 9 முறை கூடியது. ஆடிப்பெருக்குக்குக் குடும்பங்களோடு முக்கொம்பு போய் வந்தோம். ஆயுத பூஜை வழக்கம்போல் அலுவலகத்தில் நடந்தது. வெல்டர்களுக்கான கண் பரிசோதனை முகாமுக்கு 62 பேர் வந்தார்கள்.

இனி, பட்டறைகளின் பழைய விளக்குகளை எல்இடியாக மாற்றும் விஷயம். இந்த ஆண்டு என் நேரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போனது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

நம் பட்டறைகளில் பல, பாய்லர் தொழிற்சாலையின் ஆர்டரை நம்பித் தொடங்கியவை. ஷெட்டு போட்ட காலத்தில் மாட்டிய 400 வாட் மெர்க்குரி, சோடியம், மெட்டல் ஹாலைட் விளக்குகளே பல இடங்களில் இன்னும் எரிகின்றன. பெயர்தான் 400 வாட். சோக்கு தின்பதையும் சேர்த்தால் 440 பக்கம் வரும். கரண்ட் ஒரு நொடி போய் வந்தால் மெட்டல் ஹாலைட் உடனே பற்றாது, உள்ளே சூடு ஆற வேண்டும். பத்து நிமிடம், சில சமயம் கால் மணி நேரம், கிரேனில் லோடு தொங்கிக்கொண்டிருக்க ஆட்கள் இருட்டில் நிற்பார்கள். இதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். சோடியம் விளக்கில் வேறு தொல்லை. வெல்டில் விரிசல் பார்க்க டை பெனட்ரன்ட் என்ற சிவப்புச் சாயம் அடிப்போம், அதன் மேல் பூசும் வெள்ளை டெவலப்பரில் சிவப்புக் கோடு தெரிந்தால்தான் விரிசல் பிடிபடும். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பே சிவப்பாகத் தெரிவதில்லை. ஜாபை, அதாவது செய்த பொருளை, வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து பகல் வெளிச்சத்தில் காட்ட வேண்டியிருக்கிறது.

என் பட்டறையில் நடந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முந்தைய ஆண்டு, விலை குறைவு என்று உயரக் கூரைக்கான 16 எல்இடி ஹை பே விளக்குகளை நானே வாங்கி மாட்டினேன். ஐப்பசி மழையில், இடியும் மின்னலுமாக இருந்த ஒரே வாரத்தில் 11 போய்விட்டன. கழற்றிப் பார்த்தால் எல்இடி சில்லுகள் எல்லாம் நன்றாக இருந்தன, செத்தது ட்ரைவர், அதாவது சில்லுக்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி. 50,000 மணி நேரம் உழைக்கும் என்று அட்டையில் போடுவது பெரும்பாலும் சில்லின் கணக்கு, அதுவும் வெளிச்சம் எழுபது சதவீதமாகக் குறையும் வரைக்குமான கணக்கு. ட்ரைவரைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது. நம் ஷெட்டில் வெல்டிங் மிஷின் விட்டு விட்டு இழுப்பதில் வோல்டேஜ் துள்ளுகிறது. சித்திரை வைகாசியில் தகரக் கூரையை ஒட்டிக் கை வைக்க முடியாது. கடையில் கண்ணைப் பறிக்கும் விளக்கு அங்கே போய் மூச்சுத் திணறுகிறது.

இந்த அடி பட்ட பிறகுதான், எல்லோருக்கும் சேர்த்து ஒரே தரத்தில் வாங்க வேண்டும் என்று செயற்குழுவில் பேசினேன். கேட்டது இவ்வளவுதான்: 10 கிலோவோல்ட் சர்ஜ் (திடீர் வோல்டேஜ் பாய்ச்சல்) தாங்கும் பாதுகாப்பு, 50 டிகிரி சூட்டிலும் ஓடும் ட்ரைவர், அது போனால் அதை மட்டும் கழற்றி மாற்றும் வசதி, சூட்டை வெளியேற்றும் கனமான அலுமினிய ஹீட் சிங்க், தூசியும் தண்ணீரும் புகாத ஐபி 65 தரம். இந்த ஐபி 65 ஏன் என்றால், கிரைண்டிங் தூசி ஒரு பக்கம், ஐப்பசி கார்த்திகையில் வயலிலிருந்து வந்து மொய்க்கும் பச்சைப்பூச்சி இன்னொரு பக்கம். மூடிய விளக்குக்குள் அது போய்ச் சாகாது. கிரேன் ஓடும் அதிர்வுக்காக ஒவ்வொரு விளக்கையும் கொக்கியோடு இரும்புக் கயிறும் போட்டுக் கட்டினோம். கிரேன் ஓட்டுபவர் கண் மட்டத்தில்தான் விளக்கு இருக்கிறது, அவருக்குக் கூசாமல் இருக்க, வெளிச்சத்தைப் பரப்பிவிடும் டிஃப்யூசர் மூடியும் கேட்டு வாங்கினோம்.

பொறியியல் கல்லூரி ஒன்றில் வெளிச்சம் அளக்கும் லக்ஸ் மீட்டர் இரவல் வாங்கி, மார்க்கிங் மேஜையில் முன்னும் பின்னும் அளந்தேன். 85 லக்ஸ் இருந்த இடத்தில் 260 வந்தது. மின்சாரக் கணக்கு இது: 24 விளக்கு உள்ள ஷெட்டில் 440 வாட்டுக்குப் பதில் 150 வாட் போட்டால் ஏறக்குறைய 7 கிலோவாட் மிச்சம். நாளுக்கு 12 மணி நேரம், 300 நாள் என்று வைத்தால் 25,000 யூனிட். ரூபாயை அவரவர் பில்லை எடுத்துப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது மனசில் இருப்பதைச் சொல்கிறேன். போன பொதுக்குழுவில் 41 பேர் கை தூக்கினீர்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் விலை பேசினேன். முன்பணம் கட்டியது 14 பேர். எண்ணிக்கை குறைந்ததும் விலை ஏறியது, ஐந்து வருட வாரண்டி மூன்றாகக் குறைந்தது. அந்தப் பதினாலு பேரும் மற்றவர்களுக்காகக் கூடுதலாகக் கொடுத்தார்கள், அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. இரண்டு கூட்டங்களைக் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை) இல்லாமல் அரை மணி ஒத்திவைத்து நடத்தினோம். இரண்டு வருடச் சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் 18 பேர். அவர்களில் சிலர் பக்கத்து ஷெட்டின் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, அதே ரேட்டுக்கு எனக்கும் வாங்கிக் குடுங்க" என்று போன் செய்கிறார்கள். வாங்கித் தர எனக்கும் ஆசைதான். முன்பே வந்திருந்தால் அந்த ரேட்டே இன்னும் இறங்கியிருக்கும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். தணிக்கை முடிந்தது. விளக்கு அலைச்சலில் போக்குவரத்துச் செலவு சற்று ஏறியது, முகாமுக்கு வந்த நன்கொடை அதைப் பெரும்பாலும் ஈடுகட்டியது. கையிருப்பு போன ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு.

தலைவருக்கும், துணை நின்ற செயற்குழுவுக்கும், முகாமுக்கு வந்த மருத்துவர்களுக்கும், உயரத்தில் ஏறி வேலை செய்த எலக்ட்ரீஷியன் தம்பிகளுக்கும் நன்றி.

அப்புறம் ஒன்று. கழற்றிய 212 பழைய விளக்குகளை அலுவலகப் பின்னறையில் அடுக்கி வைத்திருக்கிறேன். பலவற்றில் பாதரசம் இருக்கிறது. இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால் உடைப்பவர் மூச்சில்தான் போகும். அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்துக்கு அனுப்ப வண்டிச் செலவு வேண்டும். சந்தா பாக்கியில் பாதி வந்தாலே போதும்.

இரண்டாம் கட்டமாக 25 பட்டறைகளாவது சேர்ந்தால் ஐந்து வருட வாரண்டியைத் திரும்பக் கேட்கலாம் என்று நம்புகிறேன். அந்த வேலையை நான் செய்வதா, வேறொருவர் செய்வதா என்பது உங்கள் முடிவு. என் உடம்பு முன்போல் இல்லை, ஆனாலும் பாதியில் விட மனமில்லை. படிவம் வாசல் மேஜையில் இருக்கிறது. சாப்பாடு முடிந்ததும் ரசீதுப் புத்தகத்தோடு நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்