ஞாயிறு காலை சைக்கிளை வெளியே எடுங்க

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

வருகிற ஞாயிறு காலை 6 மணிக்கு நம்ம திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் கூடி, சுலோச்சன முதலியார் பாலம் வழியாக ஜங்ஷன் வரை சைக்கிளில் போய்த் திரும்புகிறோம். 1843இல், மாட்டுவண்டிக் காலத்தில் திறந்த பாலம். சைக்கிளில் போனால்தான் கீழே தாமிரபரணி ஓடுவதே கண்ணில் படும்.

பந்தயம் எல்லாம் இல்லை. பிள்ளைக்குப் பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள் துணி காயப்போட்டு நிற்குமே, அதுவே போதும். காற்றும் பிரேக் கட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். செயினில் மட்டும் சமையல் எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டிப் பிசினாகிவிடும் (நான் விட்டுப் பார்த்தவன்).

அப்புறம் ஒரு முக்கிய விஷயம். போன வாரம் என் முன்சக்கரம் மழைநீர் வடிகால் கம்பி மூடிக்குள் இறங்கிவிட்டது. முழங்கை சிராய்ப்போடு தப்பினேன். கம்பிகள் சாலையின் நீளவாக்கில் இருக்கின்றன; சக்கரம் சரியாக அந்த இடுக்கில் உட்காருகிறது. அதே மூடியைக் குறுக்குவாக்கில் பதித்தால் தீர்ந்தது. இதுபோன்ற மூடிகளைப் பார்த்தால் படம் எடுத்து, தெருப்பெயரோடு இங்கே போடுங்கள். சைக்கிளைப் பூட்டி நிறுத்த மார்க்கெட் பக்கம் இரும்பு வளையங்களும் கேட்டு, திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம் என்று இருக்கிறேன். மனுவோடு வர நாலு பேராவது வேணும்.

வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர் போடுங்கள். அதுவரை குட்மார்னிங் படங்களுக்குக் கொஞ்சம் லீவு விடுங்க, பெயர்கள் மேலே போய்விடுகின்றன.