கப்பல் வரியும் ஒரு நாற்காலியும்

அன்புள்ள கயல்,

லண்டன் வைட்ஹாலில் நீ எடுத்த படம் வந்தது. “இங்கேதான் ராஜா தலையை வெட்டினார்களாம், அப்படி என்னப்பா செய்தார்?” என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியிலேயே உனக்கு பஸ் வந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

எல்லாம் பணத்தில் ஆரம்பித்ததுதான். பார்லிமென்ட்டைக் கேட்காமல் வரி போடக் கூடாது. இங்கிலாந்து ராஜா முதலாம் சார்லஸோ தான் கடவுளுக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டியவர் என்று நம்பினார். 1629இல் சபையைக் கலைத்தவர் 11 வருஷம் கூட்டவே இல்லை. சரி, செலவுக்கு? ஆபத்துக் காலத்தில் கடலோர ஊர்கள் கட்டும் கப்பல் வரியை, கடலையே பார்க்காத ஊர்களுக்கும் வருஷா வருஷம் போட்டார். ஜான் ஹாம்டன் என்ற பெரிய நிலக்காரர் வெறும் 20 ஷில்லிங்கைக் கட்ட மறுத்து வழக்காடினார். 12 நீதிபதிகளில் 7 பேர் ராஜா பக்கம். ஜெயித்தது ராஜாதான். ஆனால் ராஜாவின் நீதிபதிகளிலேயே 5 பேர் எதிராகச் சொன்னதுதான் ஊரெல்லாம் பேச்சானது.

அப்புறம் ஸ்காட்லாந்துச் சண்டையில் கஜானா காலி. 1640இல் வேறு வழியில்லாமல் சபையைக் கூட்டினார்.

தலை வெட்டியதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 1642 ஜனவரி 4. ஹாம்டன் உட்பட ஐந்து சபை உறுப்பினர்களைப் பிடிக்க, ஆயுதம் தாங்கிய ஆட்களோடு ராஜாவே சபைக்கு வந்தார். சபாநாயகர் லென்தாலிடம் நாற்காலியைச் சற்று நேரம் கடனாகக் கேட்டு, அதன் முன்னால் நின்று தேடினார். ஐவரும் அதற்குள் தேம்ஸ் நதியில் படகேறியிருந்தார்கள். எங்கே என்று கேட்டதற்கு லென்தால் மண்டியிட்டார். சபை சொல்வதைத் தவிர இந்த இடத்தில் பார்க்கத் தனக்குக் கண்ணும் இல்லை, பேச நாக்கும் இல்லை என்றார். பறவைகள் பறந்துவிட்டன என்று சொல்லிவிட்டு ராஜா வெளியேறினார். ஏழே மாதத்தில் ராஜாவுக்கும் பார்லிமென்ட்டுக்கும் உள்நாட்டுப் போர். அதில் தோற்றுத்தான் ராஜா கடைசியில் தலையை இழந்தார்.

லென்தாலைப் பெரிய வீரர் என்று சொல்ல மாட்டேன். மண்டியிட்டபடியே மறுத்தாரே, அதுதான் எனக்குப் பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், 1653இல் அதே லென்தாலை அதே நாற்காலியிலிருந்து இறக்கி, சபையைக் காலி செய்தது ராஜாவை எதிர்த்துப் போரிட்ட கிராம்வெல்லின் படைதான்.

நீ படமெடுத்த பாங்க்வெட்டிங் ஹவுஸுக்குள் ரூபன்ஸ் வரைந்த கூரை ஓவியம் இருக்கிறது. அப்பா ஜேம்ஸின் பெருமையைப் பாட சார்லஸே காசு கொடுத்து வரையச் சொன்னது. 1649 ஜனவரி 30 அன்று அந்த மண்டபம் வழியாகத்தான் அவரைக் கொலைமேடைக்குக் கூட்டிப்போனார்கள். குளிரில் நடுங்கினால் பயம் என்று நினைப்பார்களே என்று இரண்டு சட்டை போட்டிருந்தாராம்.

அடுத்த முறை திறந்திருந்தால் உள்ளே போய் அந்தக் கூரையைப் படமெடுத்து அனுப்பு. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போ, அம்மா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா